முக்காலி

தட்டை உயர்த்தி அடித்துவிட்டீர்கள் என்று
தச்சர் பெஞ்சமினிடம் சண்டைக்குப் போனேன்.
ராகி டப்பா எட்டவில்லை.
போன மழைக்கு எட்டியது.
அதற்கு முந்தின மழைக்கு
டப்பாவின் பின்னால் ஒளித்த சீட்டுப்பணமும் எட்டியது.
பெஞ்சமின் டேப்பை விரித்து அளந்தார்.
தட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது.
டேப்போடு என் பக்கம் திரும்பியவர்
என்ன நினைத்தாரோ, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

தொழிற்சாலைக் கூடத்தில் முகாம்.
குதிகாலைப் பெட்டிக்குள் வை என்றார்கள்.
இருபத்தொன்பது வருஷம்
அரவேணுச் சரிவில் ஊன்றிய குதிகால்,
சேற்றுக்கும் அட்டைக்கும் பழகியது,
பெட்டிக்குக் கூச்சப்பட்டது.
பிறகு கோயம்புத்தூரில் இடுப்பையும் முதுகையும் படம் பிடித்தார்கள்.
சீட்டில் வந்தது:
மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.

மைனஸ் எனக்குத் தெரியாததா?
ஜனவரியில் ரேடியோ சொல்லும்,
தலைக்குந்தாவில் மைனஸ் ஒன்று, அவலாஞ்சியில் மைனஸ் மூன்று.
விடியலில் புல்லெல்லாம் உப்பு.
வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள்.
வெயில் ஏறிய பிறகுதான் தெரியும்
எந்தச் செடி கருகியது என்று.
எனக்குள்ளும் அப்படியொரு விடியல்
விழுந்திருக்கிறது.
வலிக்கவே இல்லையே என்றேன்.
பனி கேட்டுக்கொண்டா விழும் என்றாள் சலோமி,
ஓடைக்கல்லில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்து
மாவுக்கட்டோடு வரிசையில் நின்றவள்.

டாக்டர் யாமினி சின்னப் பெண்.
எடை தாங்கும் பயிற்சி வேண்டும் என்றாள்.
சிரித்துவிட்டேன்.
இந்த முதுகில் ஏறி இறங்கிய பச்சையிலைக்கு
மேட்டுப்பாளையம் லாரிகள் போதாது, தாயி.
அவள் சிரிக்கவில்லை.
"சுமந்தீங்க சரி. என்ன சாப்பிட்டீங்க?"

ரேஷன் சோறு. சாயத்தண்ணி.
மாடு வைத்திருந்த வருஷங்களில்
பாலெல்லாம் சொசைட்டிக்கு.
மழைக்குப் போர்த்திய தார்ப்பாய்
வெயிலையும் உள்ளே விடவில்லை.
நாற்பத்தாறில் மாதவிலக்கு நின்றது.
தொல்லை விட்டது என்று தேங்காய் உடைத்தேன்.
அதோடு சேர்ந்து உள்ளே
வேறொன்றும் வேலையை விட்டு நின்றிருக்கும் என்று
யாருக்குத் தோன்றும்?

இப்போது செவ்வாய்தோறும் ஒரு மாத்திரை.
வெறும் வயிறு, டம்ளர் நிறையத் தண்ணீர்,
அரைமணி படுக்கக் கூடாது,
டீ கூடாது.
கடைசியைச் சொல்லும்போது
டாக்டருக்கே உதடு துடித்தது.
மூச்சு விட்டால் டீ மணக்கும் மலையில்
எனக்கு வாரம் அரைமணி விரதம்.

கவாத்து வெட்டிய செடியைப் பார்த்தால்
ஒரு இலை இருக்காது,
விரல் விரலாக வெறும் எலும்பு.
புதுசாக வருகிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள்.
எலும்பும் சும்மா இருப்பதில்லையாம்,
ஒரு கை பழசை இடிக்க
ஒரு கை புதுசைக் கட்டுகிறதாம்.
ஐம்பதைத் தாண்டினால் இடிக்கிற கை முந்துகிறது.
கட்டுகிறவளுக்குக் கூலி கூட்டிக் கொடுங்கள் என்றாள் யாமினி.
கூலியை நானா பேரம் பேசுவேன்?
ராகிக்களி. நெத்திலிக் கருவாடு.
வாரச் சந்தைக்குக் கீழிருந்து ஏறிவரும் முருங்கைக்கீரை.
வெயில்.
ஆடி மூட்டத்தில் அதை மட்டும்
எந்தக் கடையில் கடன் சொல்வது?

ராகி டப்பா கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது.
இனி ஏறக் கூடாது என்ற முக்காலியை
வாசலில் போட்டிருக்கிறேன்.
பதினோரு மணிக்கு மூட்டம் கொஞ்சம் கிழியும்.
சில்வர் ஓக் நிழல் நகர நகர
முக்காலியும் நகரும்.
கை ஊன்றாமல் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து,
பத்துத் தடவை.
இலை எடை போடுகிறவன் கத்துவதைப் போலக்
கத்தி எண்ணுகிறேன்.
ஏழில் மூட்டம் மூடிவிடும்.
மீதி மூன்றையும் அதற்குள்ளேயே எழுகிறேன்.
எதிர் லைன் வீட்டுக்கு
எண் மட்டும் கேட்கும்.